இறங்காதவள்

அவளுக்கு ‘இன்சூரன்ஸ்’ என்று பெயர் வைத்தது அவள் கணவர்தான். அடுப்படியிலிருந்து கூப்பிட்டாலும் சரி, தெருவில் நாலு பேர் முன்னால் கூப்பிட்டாலும் சரி, “இன்சூரன்ஸ், இங்க வா” என்பார். அவளும் சலித்துக்கொண்டே வருவாள்.

ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் விபத்துப் பிரிவில் அவள் வேலை பார்த்தாள். சேர்ந்த அன்று கொடுத்த மேசையிலிருந்துதான் ஓய்வு பெற்ற அன்றும் எழுந்து வந்தாள். விபத்தில் போனவர்களின் காகிதங்கள் முதலில் அவளிடம்தான் வரும். யார், எங்கே, எப்படி என்று படித்து, சுருக்கி எழுதி, மேலே அனுப்ப வேண்டும். அவள் சக ஊழியர்கள் அதைப் படித்துவிட்டு மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். அவளுக்கு அது கைவரவில்லை. காகிதத்தில் படித்த ஆட்கள் எல்லோரும் அவளுடன் வீட்டுக்கு வந்தார்கள்.

வீட்டில் எந்தச் சாமானைப் பார்த்தாலும் அவளுக்கு ஓர் ஆள் ஞாபகம் வரும். ஏணியைப் பார்த்தால், பல்பு மாற்ற ஏறிய ஒரு தலைமை ஆசிரியர். குளியலறைத் தரையைப் பார்த்தால், ஈரத்தில் வழுக்கி விழுந்த புதுப் பெண். இஸ்திரிப் பெட்டி, பிரஷர் குக்கர், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர், எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. துணி காயப்போடும் கம்பியைக்கூட அவளால் வெறும் கம்பியாகப் பார்க்க முடியாது. மின்சார ஒயர் ஒன்று அதில் உரசிக்கொண்டிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் முதல் துணியைப் போடுவாள்.

அவள் கணவர் இதற்கு நேர் எதிர். நகரப் பேருந்து ஓட்டியவர். வேலையில் இருந்த காலம் முழுவதும் வண்டியில் ஒரு கீறல் விழவில்லை. தனக்கு எதுவும் ஆகாது என்பது அவருக்கு ஒரு நம்பிக்கைகூட இல்லை, தகவல். தன் ரத்த வகையைச் சொல்வது போலச் சொல்வார். “உனக்கு வந்த காகிதம் எல்லாம் செத்தவன் காகிதம். ஏணில ஏறி பல்பை மாத்திட்டு இறங்கி வந்து காப்பி குடிச்சவன் எவனாவது உனக்கு எழுதிப் போட்டானா?” என்று கேட்பார்.

ஓய்வு பெற்ற பிறகு அவர்களுக்கு வாரம் என்பது இரண்டு நாளாகச் சுருங்கிவிட்டது. சனிக்கிழமை வீட்டு ரிப்பேர். ஞாயிற்றுக்கிழமை பேட்மின்டன்.

சனிக்கிழமை என்றால் காலையிலேயே அவர் பழைய காக்கி டிரவுசரைப் போட்டுக்கொள்வார். ஒரு வாரம் குழாய்க்கு வாஷர், ஒரு வாரம் கதவுக் கீலுக்கு எண்ணெய், ஒரு வாரம் கொசுவலைச் சட்டம். பழைய வீடு, ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் ஒழுகும். அவர் வேலை செய்வார், அவள் பக்கத்தில் நின்று பயப்படுவாள். அவர் மேலே ஏறினால் கீழே நின்று ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொள்வாள். அவள் கை நடுங்குகிற நடுக்கத்தில் ஏணியே ஆடும். “நீ விட்டேன்னா நான் பத்திரமா இறங்கிடுவேன்” என்பார் அவர் மேலேயிருந்து.

ஞாயிற்றுக்கிழமை வேறு கதை. நூலகக் கட்டடத்துக்குப் பின்னால் சிமென்ட் போட்ட ஆடுகளம் ஒன்று உண்டு. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் ஒரு பக்கம், இவர்கள் இருவரும் மறுபக்கம். வலைக்கு முன்னால் நின்றுவிட்டால் அவளைப் பார்த்தால் வேறு பெண் போல இருக்கும். எம்பிக் குதிப்பாள், குறுக்கே பாய்வாள், பந்து முகத்துக்கு நேரே வந்தாலும் கண்ணை மூட மாட்டாள். இறகுப்பந்து பட்டு யாரும் செத்ததாக அவள் படித்ததே இல்லை. அந்த ஒரு மணி நேரம்தான் வாரத்தில் அவள் மனசு காலியாக இருக்கிற நேரம். கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று மருந்துக்கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பது வழக்கமாக அவள்தான். “அக்கா, கண்ணாடி மாத்துங்க” என்பார் அவர். “நீங்க மனசாட்சிய மாத்துங்க தம்பி” என்பாள் இவள்.

இது நடந்தது ஒரு சனிக்கிழமை.

வீட்டு முன்புறம், வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில், தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி. ஓர் ஆள் நின்றால் தலைக்கு மேல் ஒரு முழம் மிச்சமிருக்கும் ஆழம். மேலே சதுரமாக ஓர் இரும்பு மூடி. ஓர் ஆள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு இறங்கலாம். கொஞ்ச நாளாகக் குழாயில் வருகிற தண்ணீரில் பாசி வாடை அடித்தது. அவர் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது என்று முடிவு செய்தார்.

அவளுக்கு அந்த வாரம் முழுவதும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. தொட்டி என்றதும் அவளுக்கு வந்தது ஓர் ஆள் இல்லை, இரண்டு பேர். அண்ணன் தம்பி. மூடியே கிடந்த தொட்டியில் அண்ணன் இறங்கி மயங்கி விழ, தூக்குவதற்காகத் தம்பி இறங்கியிருந்தான். இரண்டு காகிதமும் ஒரே குண்டூசியில் குத்தி வந்திருந்தன.

“ஆள் வெச்சுக்கலாங்க” என்றாள்.

“ஆள் வந்தா அந்த ஆளுக்கும் நீதான் பயப்படுவ. அதுக்கு நானே இறங்கறேன்.”

“மூடியத் தெறந்து ரொம்ப நேரம் விடணும்.”

“விடறேன்.”

“இறங்கறதுக்கு முன்னாடி…”

“இன்சூரன்ஸ், நான் பஸ்ஸையே எடுத்துட்டுப் போயிட்டு வந்தவன். நம்ம வீட்டுத் தொட்டி இது.”

ஆனாலும் அவளுக்காக வெள்ளிக்கிழமையே மூடியைத் திறந்து போட்டார். சனிக்கிழமை காலையில் மோட்டார் போட்டுத் தண்ணீரை வெளியேற்றினார். மரக்கட்டை ஏணியை உள்ளே இறக்கி, அதன் வழியாக மெல்ல இறங்கினார். அவள் தொட்டி வாயருகே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். டார்ச் அடித்தாள். “தலை சுத்துதா?” என்று கேட்டாள். “இல்ல” என்றார். சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டாள். “நீ கேக்கறதுலதான் சுத்துது” என்றார்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. அவர் கேட்டபடி ஒரு குவளையில் பிளீச்சிங் பவுடரை நிரப்பிக் கயிற்றில் கட்டி இறக்கினாள். அவர் அதைத் தரையிலும் சுவரிலும் தூவி, நார் பிரஷ்ஷால் தேய்த்தார். பிரஷ் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அந்தச் சீரைக் கேட்கக் கேட்க அவளுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அப்போது உள்ளே போன் அடித்தது. வெளியூரில் இருக்கும் மகள். “போய்ப் பேசு, நான் எங்க ஓடிடப் போறேன்” என்றார் அவர்.

அவள் உள்ளே போனாள். பேரனுக்குப் பல் விழுந்த கதை. கேட்டுச் சிரித்தாள்கூட.

தொட்டியின் ஒரு மூலையில், மோட்டார் குழாய் இறங்குகிற இடத்தில், துருக்கறை ஒன்று இருந்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. அவர் மேலே ஏறி வந்து, கொல்லைப்புறக் கழிப்பறையில் இருந்த ஆசிட் பாட்டிலை எடுத்துக்கொண்டு திரும்ப இறங்கியிருக்கிறார். கழிப்பறைப் பீங்கானில் அந்தக் கறை போகும் என்றால் இங்கேயும் போகும் என்று நினைத்திருக்கிறார். பிளீச்சிங் பவுடர் பூசியிருந்த சுவரில் பாட்டிலைச் சரித்திருக்கிறார்.

அவள் போனை வைக்கும்போது பிரஷ் சத்தம் நின்று போயிருந்தது. அதன் இடத்தில் இருமல். சாதாரண இருமல் இல்லை. உடம்பையே உள்ளிருந்து வெளியே புரட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு ஏதோ மரம் சிமென்ட்டில் மோதுகிற சத்தம்.

ஓடி வந்தாள். தொட்டி வாயில் முகத்தை வைத்ததும் கண்ணில் மிளகாய்த் தூளை அள்ளிப் போட்டாற்போல் எரிந்தது. தொண்டை கவ்விக்கொண்டது. உள்ளே மஞ்சளும் பச்சையுமாக ஏதோ புகை, தரையோடு தரையாகப் படிந்து நின்றது. அதற்குள் அவர் கையையும் முழங்காலையும் ஊன்றிக்கொண்டு கிடந்தார். ஏணி சாய்ந்து விழுந்திருந்தது. அவசரமாக ஏறும்போது ஈரப் பாசியில் ஏணியின் கால் வழுக்கியிருக்கிறது. அவர் கணுக்கால் கோணலாகத் திரும்பியிருந்தது.

“ஏங்க” என்றாள்.

அவர் தலையைத் தூக்கினார். “ஆசிட்…” என்றார். அடுத்த சொல் இருமலில் போய்விட்டது.

அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டாள். கையை ஊன்றி உடம்பைத் தூக்கியாகிவிட்டது; குதிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நொடி ஒரு மூச்சு உள்ளே போனது. நெஞ்சுக்குள் நெருப்பு இறங்கியது. தன்னையறியாமல் காலை வெளியே இழுத்துக்கொண்டு பின்னால் மல்லாந்து விழுந்தாள்.

பிறகுதான் கத்தினாள். அவ்வளவு சத்தம் தன்னிடம் இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

மருந்துக்கடைக்காரர் சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி. “ஃபயர் சர்வீஸுக்குப் போன் போடு” என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்கு வாடையே போதுமாக இருந்தது. “பிளீச்சிங்ல ஆசிட் ஊத்தினாரா? குளோரின் அக்கா இது.” சட்டைக் கையை மடித்துக்கொண்டார். “மூச்சப் பிடிச்சுக்கிட்டு இறங்கறேன். ஒரு நிமிஷம். தூக்கி விடறேன், நீங்க மேல இருந்து பிடிங்க.”

அவள் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

“வேணாம்.”

“என்ன?”

“இறங்காதீங்க.”

“அக்கா, விடுங்க. அண்ணன் உள்ள கெடக்கறாரு.”

“மூச்சப் பிடிச்சுக்கிட்டு தூக்க முடியாது தம்பி. மூச்சப் பிடிச்சுக்கிட்டு இறங்கறேன்னுதான் எல்லாரும் இறங்கினாங்க. இறங்காதீங்க.”

அவர் திமிறினார். அவளுக்கு அறுபதைத் தாண்டிய உடம்பு. ஆனால் வாரா வாரம் ராக்கெட் பிடித்த கை. சட்டைத் துணியைச் சுருட்டி முஷ்டிக்குள் வைத்துக்கொண்டு, தன் முழு எடையோடு பின்னால் சாய்ந்து நின்றாள். ஒரு பொத்தான் தெறித்துப் போனது. அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் பிறகு பல நாள் பார்த்தாள், கண்ணை மூடும்போதெல்லாம்.

“நீங்க என்ன மனுஷிக்கா? உங்க புருஷன் அவரு” என்றார்.

அவள் கையை விடவில்லை. கீழே இருமல் சத்தம் தேய்ந்துகொண்டு வந்தது. எப்படிச் சாகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும், வரிசையாகத் தெரியும். எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது தெரியாது. பிழைத்தவர்கள் யாரும் அவள் மேசைக்கு வந்ததில்லை. அவளால் சொல்ல முடிந்ததெல்லாம் ‘இறங்காதீங்க’ என்ற ஒரு சொல்தான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மருந்துக்கடைக்காரர் திமிறுவதை நிறுத்தினார். பயந்ததாலா, யோசித்ததாலா, அவருக்கும் தெரியாது. “சரி, விடுங்க. இறங்கல” என்றார். “இந்த கேஸ் கனம், கீழதான் தங்கும். அவரு எந்திரிச்சு நிக்கணும். ஃபேன் இருக்கா?”

நிற்கிற மின்விசிறியை அவள் உள்ளறையிலிருந்து தூக்கி வந்தாள். நீள ஒயர் போட்டு, தொட்டி வாயில் ஒரு பக்கமாகச் சாய்த்து, முழு வேகத்தில் உள்ளே ஊத வைத்தார்கள். குவளை கட்டியிருந்த கயிற்றை அறுத்து, சுருக்குப் போட்டு இறக்கினார்கள். “அண்ணே, சுருக்குக்குள்ள கைய விடுங்க. கக்கத்துல மாட்டிக்கோங்க.” கீழே அசைவில்லை. “ஏங்க, கைய விடுங்க” என்று அவள் கெஞ்சினாள். பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, ஸ்டாப்பில் நிற்காமல் போகிற பஸ்ஸைப் பார்த்துப் பயணி கத்துகிற மாதிரி அவரைப் பார்த்துக் கத்தினாள். “யோவ், கைய விடுய்யா.”

கை மேலே வந்தது. ஒரு தடவை கயிற்றைத் தவறவிட்டது. இரண்டாம் தடவை சுருக்கு மாட்டியது. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். வெளியே தூக்குகிற பலம் அவர்களுக்கு இல்லை. ஆனால் அவரை நிமிர்த்தி, ஒற்றைக் காலில் சுவரோடு சாய்த்து, முகம் மேல்நோக்கி இருக்கும்படி தொங்கவிட முடிந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்தது. அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, சாய்ந்தது. ஒவ்வொரு தடவை சாயும்போதும் அவள் அது கடைசி என்று நினைத்தாள்.

தீயணைப்பு வண்டி வந்து நின்றபோது தெருவே கூடியிருந்தது. முகமூடியும் முதுகில் காற்று உருளையும் மாட்டிய ஒருவர் உள்ளே இறங்கி, பெல்ட் மாட்டி அவரை மேலே அனுப்பி வைத்தார். வெளியே வந்தவருக்குக் கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்து, உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. ஆனால் வந்தது.

முகமூடியைக் கழற்றிய வீரர் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, “வேற யாரும் உள்ள இறங்கலையே?” என்று கேட்டார்.

“இல்ல” என்றார் மருந்துக்கடைக்காரர். அவளைப் பார்க்காமல் சொன்னார்.

மருத்துவமனையில் அவர் மூக்கில் குழாய் மாட்டினார்கள். கணுக்காலுக்கு மாவுக்கட்டு. தொண்டையும் மூச்சுக்குழாயும் வெந்திருக்கிறது, சில நாள் பேசவே கூடாது என்றார் மருத்துவர். “நுரையீரல்ல தண்ணி கோத்துக்குதான்னு பாக்கணும். இப்ப நல்லா இருக்கற மாதிரி இருக்கும், நாளைக்கு மோசமாகலாம். கவனிச்சுக்கிட்டே இருக்கணும்” என்றார். மருத்துவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்கு அந்த ‘மோசமாகலாம்’ போதும். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தாள். மகள் வந்து, “நீ கொஞ்சம் படும்மா” என்று சொன்ன பிறகும் படுக்கவில்லை.

ஆனால் மூச்சைவிட அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. அவர் அவளைப் பார்க்கிற பார்வை. கண் எரிச்சலில் அடிக்கடி மூடிக்கொள்வார். திறக்கும்போதெல்லாம் அவள் முகத்தில் நிற்கும். பேச முடியாதவரிடம் என்ன கேட்பது? உள்ளே கிடந்தபோது அவருக்குக் காது கேட்டிருக்கும். ‘இறங்காதீங்க’ கேட்டிருக்கும். எத்தனை தடவை சொன்னாள் என்பதும் கேட்டிருக்கும். பேசாதது தொண்டையாலா, கோபத்தாலா? மகள் எழுதிக் காட்ட அட்டையும் பேனாவும் வாங்கி வந்தாள். அவர் அதில் ‘தண்ணி’ என்று எழுதினார். ‘லைட்’ என்று எழுதினார். வேறெதுவும் எழுதவில்லை.

நுரையீரல் தப்பித்தது. ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கரகரவென்று ஒரு குரலும் திரும்பி வந்தது. அந்தக் குரலில் அவர் காப்பி கேட்டார், பேப்பர் கேட்டார், பேரனிடம் போனில் பல்லைப் பற்றி விசாரித்தார். தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளும் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் தினமும் வந்து அண்ணனைப் பார்த்துவிட்டுப் போனார்; அவளிடம் “வரேன்க்கா” என்பதோடு சரி. தொட்டிக்கு மூடி போட்டு, மூடிமேல் ஒரு பூந்தொட்டியையும் அவள் இழுத்து வைத்திருந்தாள். தண்ணீருக்குப் பக்கத்துக் குழாயடிதான்.

ஒரு மத்தியானம் மருந்துக்கடைக்காரர் மனைவி வந்தாள். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். அடுப்படி வாசலில் நின்றபடியே அவள் இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கயிறு அறுத்த காயம் ஆறாத உள்ளங்கை.

“அவரு உங்ககிட்ட ஏதோ சொல்லிட்டாராமே. மனசுல வெச்சுக்காதீங்க அக்கா. அவருக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி வந்திருக்கு, உங்களுக்குத் தெரியாது, யாருக்கும் சொல்லல. அன்னைக்கு இறங்கியிருந்தார்னா… நீங்கதான் எனக்கு அவரைக் குடுத்தீங்க.”

அவள் அழுதுவிட்டுப் போனாள். இவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பாத்திரம் துலக்குகிற மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அந்த மனிதரைப் பற்றி அவள் ஒரு நொடியும் நினைக்கவில்லையே. தன் கணவரைப் பற்றியும் நினைத்தாளா என்றால் தெரியவில்லை. இவ்வளவு காலம் ஏணிக்கும் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் பயந்தவள், இப்போது தன்னையே பார்த்துப் பயந்தாள். உள்ளே இப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியாமலே அவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோமே என்று.

மாவுக்கட்டு பிரித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, “வா, கோர்ட்டுக்குப் போயிட்டு வரலாம். நான் சும்மா உக்காந்திருக்கேன்” என்றார் அவர். ஊன்றுகோலோடு மெதுவாக நடந்து போனார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பாயின்ட் சொன்னார். மருந்துக்கடைக்காரரோடு ஒற்றைக்கு ஒற்றை ஆடச் சொன்னார்கள், ஆடினாள். ஆனால் பழைய ஆட்டம் இல்லை. ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் கண் பெஞ்சுக்குப் போனது. அவர் ஒரு தடவை இருமினார். வந்த பந்து அவள் தோளில் பட்டு விழுந்தது. ஒரு பந்து கோட்டை ஒட்டி விழுந்தபோது மருந்துக்கடைக்காரர், “அவுட்” என்றார். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். “சரி” என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு குனிந்து பந்தை எடுத்து, இறகைத் தடவிச் சரிசெய்துகொண்டே, “இல்லக்கா. உள்ளதான் விழுந்துச்சு. உங்க பாயின்ட்” என்றார்.

மற்றவர்கள் போன பிறகும் இருவரும் பெஞ்சிலேயே இருந்தார்கள். அவருக்கு நடக்க இன்னும் கொஞ்சம் ஓய்வு வேண்டியிருந்தது.

“அன்னைக்கு நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு” என்றார்.

ராக்கெட்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “எது?”

“இறங்காதீங்கன்னு சொன்னது.”

அவள் உறையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“ரொம்பக் கோபம் வந்துச்சு. மூச்சே விட முடியல, அதுலயும் கோபம் வந்துச்சுன்னா பாத்துக்கோ. இவ என்னை விட்டுட்டாளேன்னு நெனச்சேன்.”

“இப்ப?”

“இப்ப யோசிச்சுப் பாத்தா அவன் இறங்கியிருந்தா என் மேலயே விழுந்திருப்பான். ரெண்டு பேரும் போயிருப்போம். புரியுது.” நிறுத்தினார். “ஆனா கோபம் முழுசாப் போயிடுச்சான்னு கேட்டா தெரியல. உன்கிட்டப் பொய் சொல்ல வேணாம்னு பாக்கறேன்.”

அவள் இந்தப் பேச்சுக்காக ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தாள். அண்ணன் தம்பி கதை, குண்டூசி, எல்லாம். வாயில் வந்தது அது இல்லை.

“முதல்ல நான்தான் இறங்கப் போனேன். ரெண்டு காலும் உள்ள தொங்குச்சு. அப்புறம் எடுத்துட்டேன்.”

அவர் திரும்பிப் பார்த்தார். இது அவருக்குத் தெரியாது. “ஏன்?”

“பயமா இருந்துச்சுங்க. யோசிச்சு எடுக்கல. இறங்கினா ரெண்டு பேர் போவோம்கற நெனப்பெல்லாம் அப்புறம் வந்ததுதான். பயந்துதான் எடுத்தேன்.”

அவர் ஊன்றுகோலின் ரப்பர் முனையைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்க்காமல், “எனக்கு பாத்ரூம் கதவைச் சாத்த முடியல” என்றார்.

“என்னது?”

“வீட்டுக்கு வந்ததுல இருந்து. தாழ் போட்டா மூச்சு நின்னுடும் போல இருக்கு. தெறந்து வெச்சுட்டுத்தான் குளிக்கறேன். காலுக்காகன்னு நீ நெனச்சுட்டு இருக்க.”

அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். கேலி செய்ய அவளுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. அவர் அதை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த மாதிரிகூட இருந்தது. அவள் அவர் முழங்காலில் கையை வைத்தாள். “தெறந்தே இருக்கட்டும். யார் வரப் போறா?” என்றாள்.

தொட்டியை அடுத்த மாதம் ஆள் வைத்துத்தான் கழுவினார்கள். காற்று ஊதும் இயந்திரத்தோடு இருவர் வந்தார்கள். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு முக்காலியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டு உட்கார்ந்து, உள்ளே இருந்தவரிடம் மாறி மாறித் தலை சுற்றுகிறதா என்று கேட்டு, அவரைப் பாடாய்ப் படுத்தினார்கள்.

சனிக்கிழமை வேலை நிற்கவில்லை. அவரால் சும்மா இருக்க முடியாது. ஆனால் எதைச் செய்யப் போகிறார் என்பதை இப்போது முன்கூட்டியே உரக்கச் சொல்கிறார். “ஏணி எடுக்கறேன்.” “மெயினை ஆஃப் பண்ணிட்டேன்.” அவள் கண்ணுக்கு மறைவாக எங்காவது போனால், அவள் கேட்பதற்கு முன்னாலேயே அங்கிருந்து குரல் கொடுக்கிறார். “இருக்கேன்.” மாடியிலிருந்து, கொல்லையிலிருந்து, சாத்தாத குளியலறையிலிருந்து. அந்தக் கரகரத்த குரல் அப்படியே தங்கிவிட்டது. அவளும் அடுப்படியிலிருந்து, “சரி” என்கிறாள்.

போன வாரம் ஒரு தடவை குரல் வரவில்லை. கையிலிருந்த கரண்டியோடு ஓடினாள். அவர் கேட்டுக்கு வெளியே நின்று மருந்துக்கடைக்காரரோடு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், அவள் முகத்தைப் பார்த்ததும், பேச்சைப் பாதியில் விட்டார். “சொல்லிட்டு வந்திருக்கணும்” என்றார். அவளுக்கு மூச்சு வாங்கியது. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது சீராகும்வரை, அவர்கள் இரண்டு பேரையும் பார்த்தபடி அங்கேயே நின்றாள்.